அமெரிக்காவில் டயட்டீஷியன் உரிமம்: நான்கு வழிகளில் உங்களுக்கு எது?

ஊரில் எம்.எஸ்சி. ஊட்டச்சத்து முடித்துவிட்டு எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான) விசாவில் வந்து சேர்ந்தவர்கள், இங்கேயே வளர்ந்து கல்லூரியில் மேஜர் தேர்வு செய்யும் பிள்ளைகள், ஐ.டி. வேலையை விட்டு இந்தத் துறைக்கு மாற நினைப்பவர்கள் என மூன்று தரப்பினரும் கேட்பது ஒரே கேள்விதான். எந்த வழியில் போனால் சீக்கிரம் லைசென்ஸ் கிடைக்கும்? பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் மூன்று தரப்புமே ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறுகிறது. வகுப்பில் உட்கார்ந்து படிக்க இடம் எப்படியும் கிடைத்துவிடும். ஒருவர் மேற்பார்வையில் செய்ய வேண்டிய ஆயிரம் மணிநேரப் பயிற்சிக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம். பலர் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்வது அங்கேதான். அதனால் கீழே உள்ள நான்கு வழிகளையும் "அந்த ஆயிரம் மணிநேரம் எங்கிருந்து வரும்?" என்ற கேள்வியை முன்னால் வைத்தே எடைபோட்டிருக்கிறோம்.

## பதிவு வேறு, உரிமம் வேறு

ஆர்.டி. (ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்) என்பது நாடு முழுவதும் செல்லும் தொழில் பதிவு. அதைத் தருவது டயட்டெடிக் பதிவு ஆணையம், அதாவது சி.டி.ஆர். எல்.டி. அல்லது எல்.டி.என். என்பது மாநில அரசு தரும் உரிமம். பெரும்பாலான மாநிலங்களில் ஆர்.டி. கையில் இருந்தால் உரிமம் வாங்குவது விண்ணப்பமும் கட்டணமும் பின்னணிச் சோதனையுமாக முடிந்துவிடும். ஆகவே உண்மையான உழைப்பு ஆர்.டி.க்குத்தான்.

ஆர்.டி. தேர்வு எழுத நான்கு தகுதிகள் வேண்டும். டயட்டெடிக் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏசெண்ட் அமைப்பு ஏற்ற பாடத்திட்டத்தை முடித்திருக்க வேண்டும். குறைந்தது 1,000 மணிநேர மேற்பார்வைப் பயிற்சி இருக்க வேண்டும். இவை முடிந்ததற்கான வெரிஃபிகேஷன் ஸ்டேட்மென்ட் கையில் இருக்க வேண்டும். நான்காவது, முதுநிலைப் பட்டம். 2024 ஜனவரி 1-க்கு முன்பு இளநிலையே போதுமானதாக இருந்தது, இப்போது போதாது. பழைய கட்டுரைகளையும் வீடியோக்களையும் பார்த்துத் திட்டம் போட்டவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். ஒரு நல்ல செய்தியும் உண்டு: அந்த முதுநிலைப் பட்டம் ஊட்டச்சத்திலேயே இருக்க வேண்டும் என்று சி.டி.ஆர். கேட்பதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

பயிற்சி மணிநேரம் படிப்போடு உறுதியாக வருகிறதா, தனியாகப் போட்டி போட்டு வாங்க வேண்டுமா என்பது முதல் அளவுகோல். அடுத்தது மொத்தக் காலமும் மொத்தச் செலவும். செலவு என்னும்போது சம்பளம் இல்லாமல் போகும் மாதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது விசா. நான்காவது, முடித்த பிறகு மருத்துவமனை வேலை கிடைக்குமா என்பது. ஐந்தாவதை யாரும் யோசிப்பதில்லை: குழந்தை, இடமாற்றம், உடல்நலம் என்று ஏதோ ஒன்றால் பாதியில் நிறுத்த நேர்ந்தால் கையில் என்ன மிஞ்சும்?

## வழி 1: பயிற்சியும் சேர்ந்த முதுநிலைப் படிப்பு

கோஆர்டினேட்டட் புரோகிராம் என்றும் ஃபியூச்சர் எஜுகேஷன் மாடல் கிராஜுவேட் புரோகிராம் என்றும் இரண்டு பெயர்களில் இருக்கும். முதல் வகையில் இளநிலையோடு முடியும் திட்டங்களும் உண்டு என்பதால் முதுநிலைப் பட்டம் சேர்ந்து வருகிறதா என்று கேட்டுவிட்டே விண்ணப்பியுங்கள். பாடம், 1,000 மணிநேரம், முதுநிலைப் பட்டம் மூன்றும் ஒரே கல்லூரியில் முடிகின்றன. முன்தேவைப் பாடங்கள் ஏற்கெனவே இருந்தால் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. பொறியியலோ வணிகவியலோ படித்தவர்கள் கரிம வேதியியல், உயிர்வேதியியல், உடற்கூறு, நுண்ணுயிரியல், புள்ளியியல் முதலியவற்றை முடிக்க இன்னும் ஓராண்டாவது ஒதுக்க வேண்டும். இவற்றைக் கம்யூனிட்டி காலேஜில் படித்தால் செலவு கணிசமாகக் குறையும். ஆனால் ஆன்லைன் ஆய்வகத்தை அந்தத் திட்டம் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

மறைந்திருக்கும் செலவு. கட்டணம் முழுக்க முதுநிலை விகிதத்தில் போகும். பயிற்சி நடக்கும் மாதங்களில் வேறு வேலைக்குப் போவது ஏறக்குறைய முடியாது. பயிற்சி இடம் வீட்டிலிருந்து ஒரு மணிநேரத் தொலைவில் அமையலாம், கார் இல்லாமல் முடியாது.

யாருக்குச் சரி. வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கும், எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கும், இன்டர்ன்ஷிப் போட்டியில் தோற்றால் ஓராண்டு காத்திருக்க முடியாத குடும்பச் சூழல் உள்ளவர்களுக்கும் இதுதான் சரி. செலவு தாங்கும் என்றால் எங்கள் முதல் தேர்வும் இதுவே.

## வழி 2: முதலில் டி.பி.டி., பிறகு இன்டர்ன்ஷிப்

டி.பி.டி. என்பது பாடங்கள் மட்டும் உள்ள திட்டம். பெரும்பாலும் இளநிலையில் முடிப்பார்கள். முடித்ததும் ஒரு வெரிஃபிகேஷன் ஸ்டேட்மென்ட் வரும், அதை வைத்து இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த 1,000 மணிநேரப் பயிற்சிதான் இன்டர்ன்ஷிப், பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை. முதுநிலைப் பட்டத்தை இன்டர்ன்ஷிப்போடு சேர்த்தும் வாங்கலாம், தனியாகவும் வாங்கலாம்.

காகிதத்தில் பார்த்தால் இதுதான் மலிவு. மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணத்தில் இளநிலை முடித்துவிட்டு, உதவித்தொகை தரும் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் (முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் அப்படி உண்டு) மொத்தச் செலவு வழி 1-ஐவிட மிகக் குறைவு. சிக்கல் அந்த "கிடைத்தால்" என்ற சொல்லில் இருக்கிறது. மதிப்பெண், மருத்துவமனைச் சமையலறையிலோ சமூக நலத் திட்டத்திலோ வேலை செய்த அனுபவம், பரிந்துரைக் கடிதங்கள் மூன்றும் பலமாக இல்லாவிட்டால் இடம் உறுதியில்லை. ஸ்டேட்மென்ட் பழையதாகிவிட்டாலும் தொல்லைதான். ஐந்து ஆண்டுக்கு மேல் ஆனால் சில பாடங்களைத் திரும்பப் படிக்கச் சொல்லும் திட்டங்கள் உண்டு.

தொலைநிலை இன்டர்ன்ஷிப் என்று ஒன்று விளம்பரமாகும். வகுப்பு ஆன்லைனில் நடக்கும், ஆனால் மருத்துவமனை, சமையலறை, சமூகப் பணி ஒவ்வொன்றுக்கும் உங்களை மேற்பார்வையிடும் ப்ரிசெப்டரை நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். இதில் அதிகம் திணறுவது மருத்துவமனைப் பகுதிக்குத்தான். ஒரு மருத்துவமனை டயட்டீஷியன் சரி என்று சொன்னால் மட்டும் போதாது. மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். சட்டப் பிரிவு அதைப் படித்து முடிக்கவே மாதங்கள் ஆகும். தொடங்கும் தேதிக்கு ஆறேழு மாதம் முன்பே தேடலைத் தொடங்காதவர்கள் கடைசி நேரத்தில் இடத்தை இழக்கிறார்கள்.

யாருக்குச் சரி. 17, 18 வயதில் தொடங்கும் பிள்ளைகளுக்கு நல்ல வழி. பாதியில் நின்றாலும் கையில் இளநிலைப் பட்டம் இருக்கும். அதோடு, டி.பி.டி. முடித்த இளநிலைப் பட்டதாரிகள் என்.டி.டி.ஆர். என்ற டயட்டெடிக் டெக்னீஷியன் தேர்வை நேரடியாக எழுதலாம், அதற்குக் கூடுதல் பயிற்சி மணிநேரம் தேவையில்லை. இன்டர்ன்ஷிப்புக்குக் காத்திருக்கும் ஆண்டில் அந்தப் பதிவோடு மருத்துவமனையில் வேலை பார்ப்பது, அடுத்த விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பலம்.

## வழி 3: ஊரில் வாங்கிய பட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வது

கேள்விகள் குவிவது இங்கேதான், தவறான நம்பிக்கைகளும் இங்கேதான் அதிகம். இந்தியாவில் வாங்கிய ஆர்.டி. இங்கே செல்லாது. பெயர் ஒன்றுதான், பதிவு வேறு. இந்திய மருத்துவமனையில் செய்த இன்டர்ன்ஷிப்பும் இந்த 1,000 மணிநேரத்தில் தானாகச் சேராது. முன் அனுபவத்துக்கு ஓரளவு விலக்கு தரும் திட்டங்கள் உண்டு, அது அந்தத் திட்ட இயக்குநர் கையில் இருக்கிறது.

முதல் படி, ஏசெண்ட் பட்டியலில் உள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் பட்டங்களைப் பாடவாரியாக மதிப்பிடச் செய்வது. பட்டத்தின் பெயரை மட்டும் ஒப்பிடும் மலிவான அறிக்கை இதற்கு உதவாது. குடியேற்ற வேலைக்காக முன்பே எடுத்த அறிக்கை கையில் இருந்தாலும் அது எந்த வகை என்று பாருங்கள். மூன்று ஆண்டு பி.எஸ்சி.யும் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி.யும் சேர்ந்து அமெரிக்க முதுநிலைக்குச் சமம் என்று அறிக்கை வந்தால் பெரிய சுமை இறங்கியது, இன்னொரு முதுநிலைப் பட்டம் தேவையில்லை. இளநிலைக்கு மட்டுமே சமம் என்று வந்தால் வழி 1-க்கே போவது நல்லது. எல்லா நிறுவனங்களும் ஒரே முடிவைத் தருவதில்லை என்பதால் பணம் கட்டுமுன் மூன்றாண்டுப் பட்டத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது, டி.பி.டி. திட்டம் ஒன்றின் இயக்குநர் அறிக்கையைப் பார்த்து எந்தெந்தப் பாடம் குறைகிறது என்று சொல்வார். பெரும்பாலும் குறைவது மருத்துவ ஊட்டச்சத்துச் சிகிச்சை, உணவுச் சேவை மேலாண்மை, ஆலோசனைத் திறன் ஆகியவை. அவற்றை முடித்து ஸ்டேட்மென்ட் வாங்கிய பிறகு வழி 2-ல் உள்ள அதே இன்டர்ன்ஷிப் போட்டிதான். வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்றே ஏசெண்ட் அங்கீகாரம் பெற்ற திட்டங்களும் உண்டு, ஆனால் எண்ணிக்கை மிகச் சொற்பம்.

மறைந்திருக்கும் செலவு. இங்கே அது காலம்தான். பல்கலைக்கழகத்திலிருந்து மூடிமுத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் வர வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகலாம். இயக்குநர்கள் பாடத்திட்டத்தையும் கேட்பார்கள், அதுவும் நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டம். இப்போதைய பாடத்திட்டத்தை இணையத்திலிருந்து இறக்கிக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். இன்னும் ஊரில் இருப்பவர்கள் துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட பிரதியை இப்போதே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு தொல்லை இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் "சு. கவிதா", பாஸ்போர்ட்டில் "கவிதா சுப்ரமணியன்", திருமணத்துக்குப் பிறகு எடுத்த ஓட்டுநர் உரிமத்தில் கணவர் பெயர் என்று இருந்தால் மதிப்பீட்டு நிறுவனத்தில் ஒரு தடவை, தேர்வு மையத்தில் இன்னொரு தடவை நிறுத்தப்படுவீர்கள். தேர்வு அனுமதியில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். முதல் விண்ணப்பத்திலேயே பாஸ்போர்ட் பெயரைக் கொடுத்து, இனிஷியலை விளக்கும் ஒரு உறுதிமொழிப் பத்திரத்தை இணைத்துவிடுவது நல்லது.

யாருக்குச் சரி. எம்.எஸ்சி. முதுநிலைக்குச் சமம் என்று வந்தவர்கள், படிப்பு முடித்து ஐந்தாறு ஆண்டுக்குள் இருப்பவர்கள், பெரிய மருத்துவமனைகள் உள்ள ஊரில் குடியிருப்பவர்கள். பத்தாண்டு இடைவெளி விழுந்துவிட்டால் அறிவியல் பாடங்களையே மறுபடி கேட்கும் திட்டங்கள் பல. அப்போது இது மலிவான வழியாக இருக்காது.

## வழி 4: சி.என்.எஸ்.

சர்டிஃபைடு நியூட்ரிஷன் ஸ்பெஷலிஸ்ட் என்பது வேறு வாரியம் தரும் சான்று. ஊட்டச்சத்து அல்லது நெருங்கிய துறையில் முதுநிலை, 1,000 மணிநேர மேற்பார்வைப் பயிற்சி, தனித் தேர்வு என்று போகும். பயிற்சியின் பெரும்பகுதியைத் தனியார் ஆலோசனையிலும் இணையவழியிலும் முடிக்க வாய்ப்புண்டு என்பதால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வசதி. இலினாய், மேரிலாண்ட் போன்ற மாநிலங்கள் இதை வைத்தும் உரிமம் தருகின்றன. எல்லா மாநிலமும் தருவதில்லை.

குறை என்னவென்றால், மருத்துவமனை, டயாலிசிஸ் மையம், முதியோர் இல்லம் போன்றவற்றின் வேலை விளம்பரங்கள் பெரும்பாலும் ஆர்.டி. என்றே கேட்கும். சொந்தமாக ஆலோசனை நடத்துவதே குறிக்கோள், குடியிருக்கும் மாநிலமும் இதை ஏற்கிறது, அடுத்த சில ஆண்டுகளில் மாநிலம் மாறும் எண்ணமும் இல்லை என்றால் மட்டும் இதை எடுங்கள். கணவர் அல்லது மனைவியின் வேலை எந்த நேரமும் இடம் மாறலாம் என்ற குடும்பத்துக்கு இது ஆபத்தான தேர்வு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வழி 1: சேர்ந்த முதுநிலை | வழி 2: டி.பி.டி. + இன்டர்ன்ஷிப் | வழி 3: வெளிநாட்டுப் பட்டம் | வழி 4: சி.என்.எஸ். |
|---|---|---|---|---|
| 1,000 மணிநேரம் | படிப்போடு வரும் | தனிப் போட்டி | தனிப் போட்டி | நாமே ஏற்பாடு செய்வது அதிகம் |
| காலம் | முன்தேவை இருந்தால் சுமார் 2 ஆண்டு | இளநிலையோடு சேர்த்து 5 முதல் 7 ஆண்டு | மதிப்பீடு, குறைபாடங்கள், இன்டர்ன்ஷிப்: 2 முதல் 3 ஆண்டு | முதுநிலையும் பயிற்சியும்: 2 முதல் 4 ஆண்டு |
| பெரிய செலவு | முதுநிலைக் கட்டணம் | சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் ஆண்டு | காத்திருக்கும் காலம் | கட்டணமும் மேற்பார்வைக் கட்டணமும் |
| மருத்துவமனை வேலை | தடையில்லை | தடையில்லை | தடையில்லை | குறைவு |
| பாதியில் நின்றால் | கிரெடிட்கள் மட்டும் | பட்டமும் என்.டி.டி.ஆர். வாய்ப்பும் | குறைபாடங்களின் கிரெடிட் | முதுநிலை முடிந்திருந்தால் பட்டம் |

காலக் கணக்கு முழுநேரமாகப் படிப்பவர்களுக்குத் தோராயமானது.

## விசா பார்த்து முடிவெடுப்பது

எச்-4-ல் இருந்துகொண்டே முழுநேரம் படிக்கலாம். பல மாநிலங்களில் உள்ளூர்க் கட்டணமும் கிடைக்கும். ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளமோ அசிஸ்டன்ட்ஷிப்போ வாங்க முடியாது, படிப்பு முடிந்ததும் துறையில் வேலை பார்க்க விடும் ஓ.பி.டி. அனுமதி கிடையாது. எஃப்-1-க்கு மாறினால் ஓ.பி.டி. உண்டு, ஆனால் வெளிமாநிலக் கட்டணம் வரும். இரண்டு கட்டணங்களின் வித்தியாசத்தையும் ஓ.பி.டி. ஆண்டில் வரும் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே கணக்கில் டயட்டீஷியன்களின் நடு ஊதியம் ஆண்டுக்கு 69,680 டாலர்.

எஃப்-1 மாணவர்கள் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் துறைக் குறியீட்டைப் பாருங்கள். 30.1901 என்ற ஊட்டச்சத்து அறிவியல் குறியீடு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கிறது, ஓ.பி.டி.யை 24 மாதம் நீட்டிக்க வழியுண்டு. 51.3101 என்ற டயட்டெடிக்ஸ் குறியீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஏறக்குறைய ஒரே பாடங்கள்தான், குறியீடு மட்டும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சான்றிதழ் மட்டும் தரும் தனி இன்டர்ன்ஷிப்களில் ஐ-20 தராதவையும் உண்டு என்பதையும் வழி 2, 3-ல் போகிறவர்கள் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

## பயிற்சி தொடங்கும் முன் வந்து நிற்கும் சில்லறைகள்

பின்னணிச் சோதனை, போதைப்பொருள் பரிசோதனை, தடுப்பூசிப் பதிவுகள், உணவுப் பாதுகாப்புச் சான்று, சொந்த மருத்துவக் காப்பீடு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். இதில் காசநோய்ப் பரிசோதனையை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். பிறந்ததும் பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் முறையில் நோய் இல்லாமலே "பாசிட்டிவ்" வரலாம். உடனே எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைந்து தொடக்கத் தேதியே தள்ளிப்போகும். ஆரம்பத்திலேயே இக்ரா இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். பி.சி.ஜி. அதைப் பாதிப்பதில்லை.

## தேர்வு: முதல் மூன்று வழிகளுக்கும் பொது

ஆர்.டி. தேர்வின் கட்டணம் 225 டாலர். கேள்விகள் குறைந்தது 125, அதிகபட்சம் 145. அவற்றில் 25 மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகள். நீங்கள் பதில் சொல்வதைப் பொறுத்து அடுத்த கேள்வியைக் கணினி தேர்ந்தெடுக்கும், முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது. 1 முதல் 50 வரையிலான அளவில் 25 எடுத்தால் தேர்ச்சி. தோற்றால் 45 நாள் காத்திருந்து மறுபடி எழுதலாம்.

நோயாளிகளின் உணவுப் பராமரிப்பு 45 சதவீதம், அடிப்படைக் கோட்பாடுகள் 21, மேலாண்மை 21, உணவுச் சேவை 13. கடைசி இரண்டையும் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கு. இந்தியாவில் படித்தவர்கள் நோய்ப் பகுதியில் நன்றாகச் செய்துவிட்டு இந்த இரண்டிலும் சறுக்குகிறார்கள், காரணம் அவற்றில் வரும் கணக்குகளைப் போட்டுப் பழகியிராதது. ஓர் எடுத்துக்காட்டு: 100 பேருக்குத் தலா 3 அவுன்ஸ் வெந்த இறைச்சி வேண்டும், வெந்த பிறகு மிஞ்சுவது 75 சதவீதம். எவ்வளவு வாங்க வேண்டும்? 300 அவுன்ஸை 0.75-ஆல் வகுத்தால் 400 அவுன்ஸ், அதாவது 25 பவுண்டு. அவசரத்தில் 300-ஐ 0.75-ஆல் பெருக்கி 225 என்று எழுதுபவர்களுக்காகவே அந்த எண்ணும் விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். இன்னொன்று: தினமும் 8 மணிநேரம் ஒருவர் நிற்க வேண்டிய பணியிடத்துக்கு ஆண்டு முழுவதும் எத்தனை முழுநேர ஊழியர் வேண்டும்? 365 × 8 = 2,920. அதை ஓர் ஊழியரின் ஆண்டுக் கணக்கான 2,080 மணிநேரத்தால் வகுத்தால் 1.4. தினம் பத்துக் கணக்கு என்று ஒரு மாதம் போட்டால் இந்தப் பகுதி பயமாக இருக்காது.

## மாநிலம்: கடைசியில் பார்க்கும் விஷயம் இல்லை

கலிஃபோர்னியா தனியாக உரிமம் தருவதில்லை, ஆர்.டி. தகுதி உள்ளவர்களே அந்தப் பட்டப்பெயரைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் மட்டும் உண்டு. ஒஹையோவில் மாநில மருத்துவ வாரியம் எல்.டி. உரிமம் தருகிறது. நியூயார்க்கில் அதற்குப் பெயர் சி.டி.என். ஃபுளோரிடாவில் எல்.டி./என். இணையத்தில் ஆலோசனை நடத்துபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பொதுவாக நோயாளி எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த மாநிலத்தின் உரிமத்தையே கேட்பார்கள். மூன்று மாநிலத்து நோயாளிகள் என்றால் மூன்று விண்ணப்பம், மூன்று புதுப்பித்தல். ஆர்.டி. பதிவைக் காப்பாற்ற ஐந்து ஆண்டுக்கு 75 தொடர்கல்வி அலகுகள் வேண்டும், அது இதற்கு மேல்.

## இரண்டு இடம் கிடைத்து எதில் சேருவது என்று நின்றால்

கட்டணத்தைப் பார்க்கும் முன் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஓராண்டுக்குள் தேர்ச்சி பெறுபவர்களின் விகிதம் எவ்வளவு? ஏசெண்ட் எதிர்பார்ப்பது குறைந்தது 80 சதவீதம், எண்ணைக் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். 1,000 மணிநேரத்தில் எவ்வளவு உண்மையான பணியிடத்தில் நடக்கும், எவ்வளவு மாதிரிப் பயிற்சியில் போகும்? 700 மணிநேரமாவது பணியிடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. 900 தரும் இடத்தில் கை நன்றாகப் பழகும். ப்ரிசெப்டர் நடுவில் விலகிவிட்டால் மாற்று இடம் தேடுவது கல்லூரியா, மாணவரா? மூன்றாவது கேள்விக்கு "மாணவர்" என்று பதில் வந்தால், அந்த இடம் சில ஆயிரம் டாலர் மலிவாக இருந்தாலும் மற்றதில் சேருங்கள்.